டோர் ட்ரிம்மில் அடித்த பெயின்ற் ஏன் உரிகிறது?

கேள்வி: களுவாஞ்சிக்குடியில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். கல்முனையிலிருந்து சாமான் ஏற்றிவர 2017 வேகன் ஆர் ஒன்றைத்தான் பாவிக்கிறேன். பிளாஸ்டிக் கதிரை, தகரப் பேணிப் பெட்டி, மூட்டை என்று ஏற்றி இறக்கியதில் பின்கதவின் உட்பக்கமும் நாலு கதவுகளின் கீழ்ப்பகுதியும் வெள்ளை வெள்ளையாகக் கீறிப்போயிற்று. போன வருசம் ஒருவரைப் பிடித்துக் கறுப்பு ஸ்ப்ரே அடித்தேன். அடித்தபோது புதுக் கார் மாதிரி இருந்தது. மறுகா மாரி முடியுமுன்னமே பாம்புச் சட்டை போல உரியத் தொடங்கிற்று. இந்த முறை விலை கூடிய பெயின்ற் வாங்கி நானே அடிக்கலாமா? டாஷ்போர்டும் மங்கிக் கிடக்கிறது. அதையும் சேர்த்து அடிக்க ஆசை.

பதில்: நீங்களே அடிக்கலாம். ஆனால் விலை கூடிய பெயின்றில் காசைப் போடாதீர்கள். போன முறை பிழையாகிப்போனது பெயின்ற் அல்ல, அதற்கு அடியில் நடந்திருக்க வேண்டிய வேலை. டாஷ்போர்டை விட்டுவிடுங்கள். காரணம் பிறகு சொல்கிறேன்.

காருக்குள் இருக்கும் கடினமான பிளாஸ்டிக்கில் பெரும்பகுதி பொலிபுரோப்பிலீன். நீங்கள் ஏற்றிவரும் பிளாஸ்டிக் கதிரையும் அதே இனம்தான். அந்தக் கதிரைக்கு எனாமல் பூசிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நகத்தால் கிளப்பினால் தாளாகக் கழன்று வரும். இந்தப் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பு எதையும் பற்றிக்கொள்ளாது. பெயின்ற் அதன்மேல் படுத்துக் கிடக்குமே தவிர ஒட்டாது. பகல் வெயிலில் ட்ரிம், அதாவது கதவின் உட்பக்கத்து பிளாஸ்டிக் பலகை, விரிந்து இரவில் சுருங்கும்போது, ஒட்டாத தோல் ஓரத்தில் கிளம்பும். அதற்குள் ஈரமும் விரல் நகமும் புகுந்தால் உரிதல் தொடங்கிவிடும். உங்கள் காரில் நடந்தது இதுதான்.

ஆகவே முதல் வேலை, எந்தப் பிளாஸ்டிக் என்று அறிவது. ட்ரிம்மைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். இரண்டு அம்புமுனைகளுக்கு நடுவே ஆங்கில எழுத்துகள் அச்சாகியிருக்கும். பி.பி என்றிருந்தால் பொலிபுரோப்பிலீன். அதன் பின்னால் டி.டி 20 என்று வந்தால் நூற்றுக்கு இருபது பங்கு டால்க் மாவு கலந்தது. கீறல் வெள்ளையாகத் தெரிவதில் அந்த மாவுக்கும் பங்குண்டு. ஏ.பி.எஸ் என்றிருந்தால் வேறு இனம். நடுக்கொன்சோல், ஏசி வாய்களைச் சுற்றிய சில்வர் பட்டி, சுவிட்ச் தட்டு முதலியன பல கார்களில் ஏ.பி.எஸ் தான். சீவல் ஒன்றை வெட்டித் தண்ணீரில் போட்டு, மிதந்தால் பி.பி, தாழ்ந்தால் ஏ.பி.எஸ் என்று சிலர் சொல்வார்கள். டால்க் கலந்த பி.பி-யும் தாழும். அந்தச் சோதனையை நம்பி வேலை தொடங்க வேண்டாம், எழுத்தைப் பாருங்கள்.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்றால், இரண்டுக்கும் வைத்தியம் வேறு. பி.பி-க்குப் பெயின்றுக்கு முன் ‘அட்ஹீஷன் புரோமோட்டர்’ என்னும் ஒட்டுப்பூச்சு கட்டாயம். பெயின்ற் கடைகளில் ‘பிளாஸ்டிக் பிரைமர்’ என்று கேட்டால் தருவார்கள். பேணியின் பின்னால் பி.பி-க்கு உகந்தது என்று எழுதியிருக்கிறதா என்று வாசித்துவிட்டு வாங்குங்கள். நிறமில்லாத வகையே உங்களுக்கு வேண்டும். சாம்பல் நிற நிரப்பு பிரைமர், ட்ரிம்மில் தோல்போல இருக்கும் நுண் வரிகளை அடைத்துவிடும். ஏ.பி.எஸ்-இல் பெயின்ற் நன்றாகவே ஒட்டும், ஆனால் அது தின்னரைத் தாங்காது. தின்னர் தோய்ந்த துணியால் ஒரு முறை அழுத்தித் துடைத்தாலே முகம் மங்கும், சில நாளில் மயிரிழை வெடிப்புகளும் வரலாம். எந்த ட்ரிம்மிலும் தின்னரைத் துடைக்கப் பாவிக்காதீர்கள்.

இப்போது கழற்றுவது. டோர் ட்ரிம்மைக் கதவில் வைத்தபடியே மறைப்பு ஒட்டி அடித்தால் ஓரங்களில் பெயின்ற் தடித்து நிற்கும், முதலில் உரிவதும் அந்த ஓரந்தான். கழற்றிய பிறகே அடிக்க வேண்டும். கைப்பிடிக் குழிக்குள்ளும் திறக்கும் நெம்புகோலின் பின்னாலும் சின்ன மூடிகளுக்குள் ஸ்குரூ ஒளிந்திருக்கும். அவற்றை எடுத்த பின், அடியிலிருந்து பிளாஸ்டிக் நெம்பியைக் கொடுத்துக் கிளிப் கிளிப்பாகக் கழற்றுங்கள். ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் புதுக் கீறல்தான் மிஞ்சும். காலைக் குளிரில் கிளிப்புகள் உடையும். கார் அரைமணி நேரம் வெயிலில் நின்ற பிறகு தொடங்கினால் சுகமாகக் கழலும். அப்படியும் நாலைந்து உடையும். முதலே ஒரு பத்துக் கிளிப் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கீழ்ப்பக்கம் முழுதும் விடுபட்டதும் ட்ரிம்மை மேல்நோக்கித் தூக்கிக் கழற்றி, கண்ணாடி சுவிட்சின் வயரையும் கைப்பிடிக் கேபிளையும் எடுத்துவிடுங்கள். அதற்கு முன்னரே பற்றரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, மூன்று நிமிடமாவது விட்டிருக்க வேண்டும்.

கதவின் தகரத்தில் கறுத்த பிசினால் ஒட்டிய பிளாஸ்டிக் தாள் ஒன்று இருக்கும். அதைக் கிழித்துவிட்டால் மாரி மழையில் கதவுக்குள் வழியும் தண்ணீர் காருக்குள் இறங்கும். அந்தப் பிசின் கையில் பட்டு, கையிலிருந்து ட்ரிம்மின் முகத்தில் பட்டால் அந்த இடத்தில் பெயின்ற் நிற்காது. கழற்றும்போது ஒரு கையுறை, கழுவிய பின் இன்னொரு கையுறை.

போன வருசத்துப் பெயின்ற் முழுவதும் போக வேண்டும். ‘உரிந்த இடத்தை மட்டும் தேய்த்து மேலே அடித்தால் போதாதா’ என்று கேட்பீர்கள். போதாது. புதுப் பெயின்ற் எவ்வளவு நல்லதானாலும் அது பிடித்து நிற்பது பழைய தோலைத்தான், பழைய தோலோ எதையும் பிடிக்கவில்லை. நல்ல காலம், ஒட்டாத பெயின்றை எடுப்பது இலகு. அகலமான ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுத்தால் பாதி வந்துவிடும். மிச்சத்துக்கு ஐசோபுரோப்பைல் அல்ககோல் நனைத்த துணியைப் பதினைந்து நிமிடம் போர்த்தி வைத்து, நைலோன் பிரஷால் தேய்த்து எடுங்கள். பாமசிகளில் கிடைக்கும் சில சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் ஆமணக்கெண்ணெய் சேர்ந்திருக்கும். லேபலைப் பார்த்து, எண்ணெய் சேராததை வாங்குங்கள். மண்ணெண்ணெய், பெற்றோல் இரண்டும் வேண்டாம். மண்ணெண்ணெய் எண்ணெய்ப் படலத்தை விட்டுப்போகும், பெற்றோலின் ஆபத்தை நான் சொல்லத் தேவையில்லை.

அடுத்தது கழுவுதல். இந்தப் பதிலில் ஒன்றையே நீங்கள் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். கார் கழுவுமிடங்களில் உள்ளே பளபளக்கத் தேய்க்கும் பொலிஷில் பெரும்பாலும் சிலிக்கோன் இருக்கும். வருசக்கணக்காக அது ட்ரிம்மின் வரிகளுக்குள் ஊறிக் கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது, கைக்கு லேசாக வழுக்கும், அவ்வளவுதான். அதன்மேல் பெயின்ற் பட்டதும் வட்ட வட்டமாக விலகி, மீன்கண் போலக் குழி குழியாக நிற்கும். எத்தனை தரம் மேலே அடித்தாலும் அந்தக் கண் மூடாது.

பாத்திரம் கழுவும் திரவம் கலந்த இளஞ்சூட்டுத் தண்ணீரும் நைலோன் பிரஷுமாக, வரிகளின் போக்கிலும் குறுக்கிலும் தேய்த்துக் கழுவுங்கள். ஒருமுறை போதாது, மூன்று முறை. மூன்றாம் முறை, சாம்பல் நிற ஸ்கொட்ச் பிரைட்டில் அதே திரவத்தைத் தொட்டு முகம் முழுவதும் தேயுங்கள். பளபளப்பு போய், எங்கும் ஒரே மங்கலாக வரும்வரை தேய்க்க வேண்டும். மூலை முடுக்கு, கைப்பிடிக் குழியின் உட்புறம், ஸ்பீக்கர் வலையைச் சுற்றிய விளிம்பு எல்லாம் விடுபடும் இடங்கள். பிறகு நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் ஒரு நாள் முழுதும் காயவிடுங்கள். ஸ்குரூ துவாரத்திலும் கிளிப் கூட்டிலும் தேங்கிய தண்ணீர், ஸ்ப்ரேயின் காற்றுப் பட்டதும் முகத்துக்குத் தெறிக்கும். அடிக்கும் முன் நூல் உதிராத துணியில் அல்ககோல் தொட்டு ஒரே திசையில் துடைத்து, துணியை அடிக்கடி மாற்றிக்கொள்ளுங்கள். ஒரே அழுக்குத் துணியால் துடைத்தால் சிலிக்கோனை ட்ரிம் முழுதும் பரப்பியதாகத்தான் முடியும்.

இனிக் கீறல். கண்ணுக்குக் குத்துவது பெரும்பாலும் கீறலின் ஆழம் அல்ல. இழுபட்ட பிளாஸ்டிக்கின் வெளுப்பும், கீறலின் இரு கரையிலும் எழுந்து நிற்கும் பிசிறுந்தான். புது பிளேட்டைப் படுக்கையாகப் பிடித்துப் பிசிறை மட்டும் சீவிவிடுங்கள். வெளுப்புக்கு, சூடான காற்றை ஊதும் ஹீட் கன். 250 முதல் 300 பாகையில் வைத்து, 15 முதல் 20 சென்ரிமீற்றர் தள்ளிப் பிடித்து, கையை நிறுத்தாமல் ஐந்தாறு வினாடி ஓட்டினால் வெளுப்பு மங்கும். பிளாஸ்டிக் மினுங்கத் தொடங்கினால் உடனே விலக்குங்கள். மினுங்கிவிட்டால் வரி உருகிப்போயிற்று என்று அர்த்தம், அதை மீட்க முடியாது. முதலில் ட்ரிம்மின் மறைவான விளிம்பில் பழகிப் பார்த்துவிட்டு முகத்துக்கு வாருங்கள். ஏ.பி.எஸ் இதைவிடக் குறைந்த சூட்டிலேயே இளகி வளையும், அதற்கு இந்த வழி வேண்டாம்.

லேசான கீறலுக்கு இவ்வளவோடு பெயின்றே தேவைப்படாமல் போகலாம். பின்கதவு ட்ரிம்மை அப்படி ஒருமுறை பார்த்துவிட்டு முடிவெடுங்கள். சாமான் ஏற்றுமிடத்தில் எந்தப் பெயின்றும் நெடுநாள் நிற்காது. அங்கே ஒரு ரப்பர் விரிப்பும் பெட்டி உரசும் இடத்தில் ஒரு துண்டுக் காப்பெற்றும் போடுவதுதான் என் சிபாரிசு. கிழிந்து ஓட்டை விழுந்திருந்தால் பழைய ட்ரிம் ஒன்றை மாற்றுங்கள். பழைய பாட்ஸுக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தை இருக்கிறது.

ஆழமான குழிகளை நிரப்பலாமா என்றால், வரி உள்ள ட்ரிம்மில் வேண்டாம் என்பேன். நிரப்பித் தேய்த்த இடம் வழவழவென்று வரி இல்லாத திட்டாகத் தெரியும், கீறலைவிட அது அசிங்கம். பம்பருக்கு வரும், இரண்டு பகுதியைக் கலந்து பூசும் வளையக்கூடிய நிரப்பியால் நிரப்பி, அதே ட்ரிம்மின் மறைவான பகுதியிலிருந்து சிலிக்கோன் ரப்பரில் வரியை அச்செடுத்துப் பதிக்கும் முறை ஒன்று உண்டு. அது கைப்பழக்கம் உள்ளவரின் வேலை. வரியில்லாத வழவழப்பான துண்டானால் நிரப்பலாம். 320 இலக்க சாண்ட்பேப்பரால் சமப்படுத்தி, 400, 600 என்று தண்ணீர் தொட்டு முடிக்கலாம். தகரத்தின் பள்ளத்தை நிரப்பப் போடும் சாதாரண பட்டியை (புட்டி) போட்டுவிடாதீர்கள். ட்ரிம் வளையும், பட்டி வளையாது, மூட்டோடு வெடித்து விழும். பி.பி-யை முரட்டு சாண்ட்பேப்பரால் உலர்வாகத் தேய்த்தால் பஞ்சு பஞ்சாக மயிர் எழும். அது பெயின்றுக்கு மேலும் தெரியும்.

அடிக்கும் நாளைப் பற்றி நம் ஊருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஐப்பசி தொடங்கித் தை வரை மழைக்காலத்தில் வெளியில் அடிக்காதீர்கள். ஸ்ப்ரேயின் கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிரும். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அது பெயின்றின் மேல் படிந்து பாற்புகை பிடித்தது போல வெளுக்கும். ஆனி ஆடியில் கச்சான் வீசும் நாட்களில் இதற்கு எதிர்மாறு. பெயின்ற் துளி ட்ரிம்மைத் தொடுமுன்னமே காய்ந்து, தடவினால் மணலாகச் சொரசொரக்கும், கூடவே தூசியும் மணலும் வந்து ஒட்டும். கச்சான் அடிக்கத் தொடங்குமுன் காலை எட்டரைக்கும் பதினொன்றுக்கும் இடையில், மூன்று பக்கம் மறைப்புள்ள கொட்டிலில், தரைக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு அடியுங்கள். பொழுது சாய்ந்தபின் கடற்காற்றின் ஈரம் வேலையைக் கெடுக்கும். ட்ரிம் வெயிலில் கிடந்து சூடேறியிருக்கவும் கூடாது.

நிறம் வாங்கும்போது ‘மேட் பிளாக்’ என்று கேட்டு வந்துவிடாதீர்கள். காருக்குள் இருக்கும் கறுப்பு சுத்தக் கறுப்பல்ல, கரிச்சாம்பல் கலந்தது. முழு மேட் அடித்தால் கரும்பலகை போலிருக்கும், கைரேகை எல்லாம் தெரியும். சற்றே மினுக்கம் உள்ள ‘சாட்டின்’ வகையில், பிளாஸ்டிக் அல்லது வைனிலுக்கு என்று எழுதியதை எடுத்து, ஒரு மட்டையில் அடித்துக் காயவைத்து, காருக்குள் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். நாலு கதவின் பிளாஸ்டிக் பகுதிக்கும் 400 மில்லிலீற்றர் கேன் இரண்டு வேண்டும், மூன்றாவது கையில் இருந்தால் நல்லது. ஒட்டுப்பூச்சு ஒரு கேன் போதும். எனாமல் வேண்டவே வேண்டாம். தடித்து வரியை மூடும், காரின் சூட்டில் நெடுநாள் பிசுபிசுக்கும்.

கேனை இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். முதலில் ஒட்டுப்பூச்சு, மெல்லிதாக இரண்டு தரம். அது காய்ந்து இறுகிவிட்டால் அதன் குணம் போய்விடும். பேணியில் எத்தனை நிமிடத்துக்குள் பெயின்ற் அடிக்க வேண்டும் என்று போட்டிருக்கும். அந்த நேரத்தைத் தவறவிட்டால் திரும்ப ஒரு தரம் ஒட்டுப்பூச்சு அடித்த பிறகே பெயின்ற். இதற்காகவே ஒரு நேரத்தில் இரண்டு ட்ரிம்முக்கு மேல் எடுக்காதீர்கள். பெயின்றை 20 முதல் 25 சென்ரிமீற்றர் தள்ளி, ட்ரிம்முக்கு வெளியே தொடங்கி வெளியே முடியுமாறு ஓட்டுங்கள். ஒவ்வொரு ஓட்டமும் முந்தியதில் பாதியை மூட வேண்டும். முதல் தரம் அடித்து முடிக்கும்போது பழைய நிறம் புகைபோலத் தெரிய வேண்டும். அங்கேதான் எல்லாரும் பொறுமை இழந்து, ஒரேயடியாக மூடிவிடுகிறார்கள். வரி அடைபட்டு, பிளாஸ்டிக்கில் பிளாஸ்டிக் ஊற்றியது போலாவது அதனால்தான். பத்துப் பதினைந்து நிமிட இடைவெளியில் மூன்று மெல்லிய தரம், தேவையானால் நாலாவது. திட்டாக அடிக்காமல், ஒரு ட்ரிம்மை விளிம்பு முதல் விளிம்பு வரை முழுதாக அடியுங்கள். கிளிப் கூட்டிலும் ஸ்குரூ துவாரத்திலும் பெயின்ற் போகாமல் மறைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் அடிக்குமுன் ஒரு சோதனை. ட்ரிம் கதவின் அடியில் மறையும் விளிம்பில் நாலு விரலகலம், கழுவுதல் முதல் கடைசித் தரம் வரை முழு முறையையும் செய்து, இரண்டு நாள் விடுங்கள். பிளேட்டால் பெருக்கல் குறிபோலக் கீறி, ஒட்டுநாடாவை அழுத்தி வெடுக்கென்று இழுங்கள். நாடா வெறுமையாக வந்தால் தொடரலாம். தோல் வந்தால், கழுவுதலிலோ ஒட்டுப்பூச்சிலோ பிழை இருக்கிறது. நாலு கதவையும் அடித்தபின் அதைத் தெரிந்துகொள்வதைவிட இரண்டு நாள் போனால் போகட்டும்.

டாஷ்போர்டு. பயணிப் பக்கம் அதற்குள் எயார்பேக் இருக்கிறது. அது வெடித்து விரியும்போது மூடி குறித்த கோட்டில், குறித்த வேகத்தில் கிழிய வேண்டும் என்று கணக்குப்பார்த்துச் செய்திருக்கிறார்கள். மேலே பெயின்றும் நிரப்பியும் ஏறினால் கிழியும் விதம் மாறலாம், காய்ந்த பெயின்ற் சில்லுகளாக முகத்தில் தெறிக்கலாம். ஸ்டியரிங் நடுமூடிக்கும் இதுதான். எஸ்.ஆர்.எஸ் எயார்பேக் என்று எழுதிய தூண் மூடி எதற்கும் பெயின்றும் வேண்டாம், ஹீட் கன்னும் வேண்டாம். டாஷ்போர்டின் மேற்புறம் மினுங்கினால் அதன் நிழல் முன்கண்ணாடியில் விழுந்து எதிர் வெயிலில் ரோட்டை மறைக்கும் என்பது இன்னொரு காரணம். உங்கள் டாஷ்போர்டின் மங்கலில் பாதி, பொலிஷ் காய்ந்து தூசி பிடித்த படலமாகத்தான் இருக்கும். சவர்க்காரத் தண்ணீரை நன்றாகப் பிழிந்த துணியால் இரண்டு மூன்று தரம் துடைத்துப் பாருங்கள். சாமிப்பட ஸ்டாண்ட் ஒட்டியிருந்த பிசினை அல்ககோலால் எடுக்கலாம்.

கைவைக்கும் இடமும் கண்ணாடி சுவிட்ச் தட்டும் தனி. வியர்வை, தலைக்குத் தேய்த்த எண்ணெய், நுளம்புக்குப் பூசும் கிறீம் எல்லாம் கையோடு வந்து அங்கேதான் படும். டீட் என்னும் மருந்து சேர்ந்த நுளம்புக் கிறீம் கேன் பெயின்றை இளக்கிவிடும். அந்த இரண்டையும் கழுவி, ஸ்கொட்ச் பிரைட் தேய்த்துக் கொடுத்து, கராஜில் ஹாட்னர் (இறுக வைக்கும் திரவம்) கலக்கும் இருபகுதிப் பெயின்றும், மேட் கிளியர் என்னும் மினுக்கமில்லாத நிறமற்ற மேற்பூச்சும் அடித்து வாங்குங்கள். ‘பி.பி-க்கு என்ன பிரைமர் போடுவீர்கள்’ என்று கேளுங்கள். ‘தேய்த்துவிட்டு நேரே அடிக்கலாம்’ என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். அந்த ஹாட்னரில் உள்ள ஐசோசயனேட் மூச்சுக்குழலைத் தாக்கி ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. துணி மாஸ்க் அதைத் தடுக்காது. வீட்டில், பிள்ளைகள் நடமாடும் முற்றத்தில், அதை ஒருநாளும் அடிக்கக்கூடாது. கேன் பெயின்றுக்கும் கரிவடிகட்டி உள்ள மாஸ்க் போடுங்கள், அடுப்பை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

அடித்த ட்ரிம் அரைமணியில் தொடுமளவுக்குக் காயும். அதை நம்பிப் பூட்டினால் விரல் பதியும். இரண்டு நாள் நிழலில் வைத்துப் பூட்டுங்கள். பற்றரியைத் திரும்பக் கொடுத்த பின் கண்ணாடியின் ஒட்டோ வேலை செய்யாவிட்டால், கண்ணாடியை முழுதும் மேலே ஏற்றி சுவிட்சைச் சில வினாடி பிடித்திருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். முழுக் கடினம் வர ஒரு கிழமையாவது வேண்டும். அதுவரை அந்தக் கதவுகளில் பெட்டி சாத்தாதீர்கள். நிறுத்தும்போது கண்ணாடியை ஒரு விரலகலம் இறக்கி விட்டால் பெயின்ற் மணம் போகும். ஒரு மாதத்துக்கு ஈரத்துணி மட்டும். கார் கழுவக் கொடுக்கும்போது உள்ளே பொலிஷ் போட வேண்டாம் என்று சாவியைக் கொடுக்குமுன்னமே சொல்லிவிடுங்கள்.